அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கி: குளிர்காலக் குறுநடைகள்

டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் காலை 8.04க்கு உதித்து மாலை 3.53க்கு மறைந்துவிடுகிறது. பகல் 7 மணி 50 நிமிடம்தான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். சென்னையில் ஒன்றரை மணி நேரம் இருக்கும். லண்டனில் அது எட்டே முக்கால் மணி நேரம். சாயங்காலம் என்றால் ஆறு மணி என்று உடம்பில் ஊறிப்போனவர்கள் இங்கே குடியேறி எத்தனை ஆண்டானாலும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிராமப்புறம் பக்கம் ஒரு நடை போய்வரலாம் என்றுதான் நினைப்பார்கள். சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி, பிள்ளைகளைக் கிளப்ப இரண்டரை, நடை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர மூன்றேகால். அதன்பின் மிச்சம் இருப்பது அரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வெளிச்சம். இரண்டு வாரம் இப்படி அமைந்துவிட்டால் மூன்றாவது வாரம் யாரும் கிளம்ப மாட்டார்கள். மார்ச் வரை நடைக் காலணி அலமாரியிலேயே கிடக்கும். குறை நாளின் நீளத்தில் இல்லை, நாம் திட்டம் போடும் வரிசையில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கோடையில் எங்கே போவது, எவ்வளவு தூரம் நடப்பது என்று முதலில் முடிவு செய்கிறோம். குளிர்காலத்தில் சூரியன் மறையும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, கையில் மிஞ்சும் நேரத்துக்குள் அடங்குகிற நடையைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது இரண்டரை மணி நேர நடையாக இருக்கும். அந்த அளவு போதும் என்பதற்கும், சில விதங்களில் கோடையின் நெடுநடையைவிட அது அதிகம் தரும் என்பதற்கும் காரணங்கள் உள்ளன.

கணக்கை ஓர் உண்மையான பாதையில் போட்டுப் பார்க்கலாம். குரோய்டனிலிருந்து சில நிமிட ரயில் பயணத்தில் கூல்ஸ்டன் சவுத் நிலையம் வருகிறது. அங்கிருந்து ஃபார்திங் டவுன்ஸ் என்ற புல்மேட்டின் முதுகில் ஏறி, ஹேப்பி வேலி பள்ளத்தாக்கில் இறங்கி, சால்டன் என்ற சிற்றூரின் தேவாலயம் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். இதன்படி நம் நடைக்கு 96 நிமிடமும் 15 நிமிடமும் சேர்த்து 111 நிமிடம். ஆனால் நெய்ஸ்மித் கணக்கு நிற்காமல் நடக்கும், நல்ல தெம்புள்ள ஆளுக்கானது. சேறு, கதவு, தேநீர், கையுறையைத் தொலைத்த பிள்ளை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி நேரத்தைக் கூட்டினால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். மாதச் சம்பளம் வந்ததும் வாடகையைத் தனியே எடுத்து வைப்பதுபோல, அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். 3.53இலிருந்து ஒரு மணி நேரம் போனால் 2.53, அதிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் போனால் 12.08. ஆக, 12 மணிக்கு ரயிலை விட்டு இறங்கி நடக்கத் தொடங்க வேண்டும். இந்த விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குபடும்: மத்தியானச் சாப்பாடு பொதியாகக் கூடவே வரும், வீட்டை விட்டு 11 மணிக்குக் கிளம்பினால் போதும். ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, அன்றும் விடியற்காலையில் எழ முடியாது என்பவர்களுக்கும் இது ஒத்துவரும். குளிர்கால நடைக்கு இருட்டோடு எழுந்திருக்க வேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஒரு மணி நேரத்தை வீணாக ஒதுக்குவானேன், சூரியன் மறைந்த உடனே இருட்டிவிடாதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். லண்டனில் சூரியன் அடிவானத்தைச் சாய்வாகக் கடப்பதால் டிசம்பரில் அது சுமார் 40 நிமிடம் நீடிக்கும். திறந்த வெளியில் அந்த 40 நிமிடம் முழுவதும் கால் வைக்கும் இடம் தெரியும். ஆனால் தெரிவதெல்லாம் திறந்த வெளியில்தான். மரங்களுக்குள்ளும் பள்ளத்தாக்கின் அடியிலும், மேகம் கனத்த நாளில் எங்குமே, இருள் முந்திக்கொள்ளும். முதலில் கண்ணுக்குத் தப்புவது பாதை அல்ல, வழிகாட்டும் அடையாளங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதையை மஞ்சள் அம்பும், குதிரைகளும் போகக்கூடிய பாதையை நீல அம்பும் காட்டுகின்றன. உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு, பாசி படிந்த கம்பத்தில், பாதி முட்புதருக்குள் மறைந்திருக்கும். உழுத வயலின் இந்தக் கரையில் நின்று, எதிர்க்கரை வேலியில் இருக்கும் மரப்படி எங்கே என்று தேட வேண்டும். பகலில் அது இரண்டு நொடி வேலை. அந்தியில் அதே வேலிக்கரையைச் சேற்றில் முழு நீளம் நடந்து தடவ வேண்டியிருக்கும். டார்ச் இருக்கிறதே என்பவர்களுக்கும் இதுவே பதில். தலையில் மாட்டும் டார்ச் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். கைப்பேசியின் விளக்கு அதற்கு ஈடாகாது, ஏனென்றால் குளிரில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் அதே மின்கலம்தான் வரைபடத்துக்கும் அவசர அழைப்புக்கும் தேவை. ஆனால் டார்ச் காலடியைக் காட்டுமே தவிர எதிர்க்கரை வேலியைக் காட்டாது. தெரிந்த, அகலமான பாதையில் இருட்டில் நடப்பது தனி இன்பம்தான், அதற்கு நான் எதிரி அல்ல. தெரியாத வயல்வெளியில் அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இனி, இந்தக் குறைந்த வெளிச்சத்தின் தரம். டிசம்பர் 21 நண்பகலில்கூட லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்துக்கு மேல் போவதில்லை. ஜூனில் அது 62 டிகிரி. இதன் விளைவை நிழலில் காணலாம்: கோடை நண்பகலில் ஓர் ஆளின் நிழல் அவருடைய உயரத்தில் பாதி, டிசம்பர் நண்பகலில் மூன்றரை மடங்குக்கும் மேல். நாள் முழுவதுமே மற்ற நாடுகளின் மாலை வெயில்போலச் சாய்ந்த ஒளி. இதை இழப்பாகப் பார்ப்பவர்கள் தொல்லியலாளர்களைக் கேட்க வேண்டும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் தொல்லியல் அதிகாரியாக 1920இல் சேர்ந்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட், விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பழைய வயல் எல்லைகளைக் கண்டறியும் முறையை வளர்த்தவர். அவர் நம்பியவற்றில் ஒன்று, சூரியன் தாழ்ந்திருக்கும்போது விழும் நிழல். ஒரு முழம்கூட உயராத வரப்பு உச்சிவெயிலில் புல்லோடு புல்லாகிவிடும். சாய்வெயிலில் அதே வரப்பின் ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் கறுத்துக் கோடாக எழுந்து நிற்கும். மேலே சொன்ன ஃபார்திங் டவுன்ஸ் இதற்கு நல்ல களம். அந்த மேட்டில் பழங்கால வயல் வரப்புகளும் ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சமாதி மேடுகளும் இருக்கின்றன. ஜூலையில் உயரமான புல்லுக்கிடையே அவற்றின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அறியாமல் எழுந்து போகலாம். டிசம்பர் ஒரு மணி வெயிலில், புல் படிந்து கிடக்கும்போது, மேட்டின் முதுகில் நின்று சரிவைப் பார்த்தால் படிக்கட்டு வரிசைபோல வரப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். சமாதி மேடுகள் ஒவ்வொன்றும் தன் நிழலைப் பக்கத்தில் விரித்திருக்கும். இலை உதிர்ந்த மரங்களும் இதே உதவியைச் செய்கின்றன. கோடையில் பச்சைச் சுவராக இருந்த வேலிகளின் ஊடே அடுத்த பள்ளத்தாக்கும் பண்ணை வீடும், கிளை நடுவில் காக்கைக் கூடுகளும் தெரிகின்றன. சுண்ணாம்பு மண் வேலிகளில் படரும் காட்டுக் கிளெமாட்டிஸ் கொடியின் வெள்ளைப் பஞ்சுக் காய்கள் எதிர்வெயிலில் ஒளிரும். கோடைக்குப் பகல் அதிகம். ஆனால் நிலத்தின் உருவத்தை அது இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதிலிருந்து இன்னொரு நடைமுறை விதி கிடைக்கிறது. வடக்கே பார்த்த ஒரு சரிவு அந்தக் கோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால், டிசம்பர் கடைசியில் அதில் நேர்வெயில் விழவே விழாது. காலையில் படிந்த உறைபனி மாலையிலும் அங்கே இருக்கும். லண்டனுக்குத் தெற்கே இரண்டு சுண்ணாம்பு மலைத்தொடர்கள் உள்ளன. நார்த் டவுன்ஸின் செங்குத்து முகம் தெற்கே பார்த்தது. சவுத் டவுன்ஸின் செங்குத்து முகம் வடக்கே பார்த்தது. கோடையில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. டிசம்பரில் எல்லாமே அதைப் பொறுத்தது. நார்த் டவுன்ஸில் உள்ள பாக்ஸ் ஹில்லின் தெற்குச் சரிவில் நண்பகலில் குளிர்காற்று படாமல் வெயில் காயலாம். அதே நேரம் சவுத் டவுன்ஸின் வடக்கு அடிவாரம் நிழலில் உறைந்து கிடக்கும். ஆகவே வரைபடத்தைத் திறந்ததும் தூரத்தைப் பார்க்குமுன் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நடக்க உரிமையுள்ள பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து. அரை மணி நேரம் பழகினால் போதும்.

அடுத்து மண். குளிர்கால நடையின் நேரத்தைத் தின்பது குளிரும் அல்ல, ஏற்றமும் அல்ல, களிமண். நார்த் டவுன்ஸுக்கும் சவுத் டவுன்ஸுக்கும் இடைப்பட்ட வீல்ட் பகுதியின் பெரும்பகுதியும், ஹாரோ உட்பட லண்டனின் வடமேற்குப் புறமும் களிமண் நிலம். மழைக்குப் பின் அங்கே வயலைக் கடந்தால் காலணிக்கு அடியில் இன்னொரு காலணி ஒட்டிக்கொள்ளும். மிக மோசமான இடம் கதவுகள். ஒவ்வொருவராக நுழையும் சிறு கதவின் இருபுறமும் இலையுதிர்காலம் முழுக்க மாடுகள் வந்து நின்று மிதித்திருக்கும். ஒவ்வொரு குளம்புக் குழியிலும் தண்ணீர் நிற்கும். நடுவில் கால் வைக்காமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக, புல்வேர் இருக்கும் பக்கமாக நகர வேண்டும். சுண்ணாம்பு நிலமும் மணல் நிலமும் நீரை வடித்துவிடும். அதனால்தான் இந்தப் பருவத்துக்கு டவுன்ஸ் மேடுகளையும், லீத் ஹில், ஹைண்ட்ஹெட் போன்ற மணற்பாறைக் குன்றுகளையும் பரிந்துரைக்கிறேன். சுண்ணாம்பிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: ஈரமான வெண்பாறைச் சரிவு சோப்புபோல வழுக்கும், எனவே ஏறுவதற்குச் செங்குத்தையும் இறங்குவதற்குச் சாய்வையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரப் பாதைகளை நீடித்த மழைக்குப் பின் தவிர்க்கவும். இதற்கு எதிராக ஒரு சலுகை: நல்ல உறைபனி நாளில் சேறு கல்லாகிவிடும், களிமண் நிலத்திலும் காலணி நனையாமல் போகலாம். மாடுகளும் பெரும்பாலும் கொட்டகைக்குள் இருப்பதால், கோடையில் மாட்டுக்குப் பயந்து ஒதுக்கிய பாதைகளை இப்போது தயங்காமல் எடுக்கலாம்.

இரண்டரை மணி நேர நடைக்காக இரண்டு மணி நேரம் பயணம் செய்வதா என்பது வலுவான ஆட்சேபம். செய்ய வேண்டாம் என்பதே என் பதில். வெளிச்ச நேரத்தில் செய்யும் பயணமும் வெளிச்சத்தைச் செலவழிக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்டும் ஸ்காட்லாந்தும் கோடைக்கு இருக்கட்டும். எடின்பரோவில் டிசம்பர் 21 பகல் 7 மணி நேரத்தைக்கூடத் தொடாது, அங்குள்ள மலைகளில் குளிர்காலம் வேறு பயிற்சி கேட்கும். லண்டனைச் சுற்றி ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு லண்டன் லூப் என்ற நடைப்பாதை 24 துண்டுகளாகப் பிரிந்து போகிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஹாரோவின் விளிம்பில் பென்ட்லி பிரயரி காட்டையும், குரோய்டனுக்குத் தெற்கே ஃபார்திங் டவுன்ஸையும் அது தொடுகிறது. மெட்ரோபாலிடன் ரயிலில் செஷம் போனால் செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. சில்டர்ன்ஸ் மேடுகளில் 1989 முதல் மீட்டுக் குடியமர்த்தப்பட்ட செம்பருந்துகள் அங்கே தலைக்கு மேலே வட்டமிடும்.

இன்னோர் ஆட்சேபம் உடல்நலம் பற்றியது; அதற்கு நேர்மையான பதில் வேண்டும். வெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும் என்று சொல்லிக் குளிர்கால நடைக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. இந்த நாட்டில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை தோலில் வைட்டமின் டி உண்டாகப் போதுமான புற ஊதாக்கதிர் தரையை எட்டுவதில்லை. அதனால்தான் இலையுதிர், குளிர்காலங்களில் அனைவருக்கும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரையும், தெற்காசியர் உள்ளிட்ட கருநிறத் தோலினருக்கு ஆண்டு முழுவதுமே அதே மாத்திரையும் அரசு ஆலோசனையாக உள்ளது. மாத்திரையை நடையால் ஈடுகட்ட முடியாது. நடை தருவது வேறு: வெளிச்சம். மேகம் மூடிய டிசம்பர் நண்பகலில்கூட வெளியே வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ். வீட்டு வரவேற்பறையின் விளக்கடியில் அது சில நூறைத் தாண்டாது. உடலின் தூக்கமும் விழிப்பும் ஒழுங்குபடுவது கண்ணில் விழும் இந்த வெளிச்சத்தைப் பொறுத்தது. ஒன்பது முதல் ஐந்து வரை வேலை செய்பவர் டிசம்பரில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறார். வாரத்தில் அவர் கண்ணுக்குப் பகல் கிடைப்பதே இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளின் நண்பகலையும் கடைத்தொகுதிக்குள் கழிப்பதைக் காண்பது உண்மையிலேயே மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் கால் வலுவடையும், ஆனால் அங்கே பகல் இல்லை.

மழை, குளிர் பற்றிய அச்சத்துக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லண்டனில் டிசம்பர் நண்பகல் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி. மழை பெய்யும் நாள்கள் மாதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நடக்கிறவருக்கு 8 டிகிரி குளிரல்ல, நிற்கிறவருக்குத்தான் குளிர். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அவற்றை வீட்டில் வைத்துவிட்டுக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, மேலே காற்றும் மழையும் புகாத ஒன்றைப் போடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து, நின்றதும் நடுங்குவீர்கள். ஃபிளாஸ்கில் தேநீர், மாற்றுக் காலுறை, ஒரு விசில். அபாயத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். தொலைபேசியில் 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்க வேண்டும், மலைப்பகுதியானால் மலை மீட்புக் குழுவையும். நடைமேடை இல்லாத கிராமச் சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒளி பிரதிபலிக்கும் பட்டியோடு நடக்கவும்.

முதியவரும் சிறுபிள்ளையும் சேர்ந்து போகும்போது கணக்கின் மிக முக்கியமான எண், திரும்பும் நேரம். வட்டமாகச் சுற்றிவரும் பாதையில் பாதிக்கு மேல் போய்விட்டால் குறுக்கு வழி கிடையாது. போன வழியே வரும் நடையில் எந்த இடத்திலும் திரும்பலாம். ஆகவே டிசம்பரில் குடும்பத்தோடு போனால், 1.15க்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று புறப்படும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சால்டன் தேவாலயத்தின் மேற்குச் சுவரில் 1200ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய நரகம், சொர்க்கம் பற்றிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. பார்க்க வேண்டிய ஒன்று. ஆனாலும் கோபுரம் கண்ணில் படும்போது மணி 1.15 ஆகிவிட்டால் பெரியவர்களுக்காகத் திரும்புவதே சரி. சுவரோவியம் எண்ணூறு ஆண்டாக அங்கேயே இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று ரயிலே கிடையாது, 26ஆம் தேதியும் அநேகமாக எங்கும் ஓடாது. மற்ற ஞாயிறுகளில் தண்டவாளப் பணிகள் நடக்கும். முந்தைய இரவே நேரம் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, இந்தக் கணக்கை மாதத்துக்கு மாதம் திருத்த வேண்டும். பலர் நினைப்பதுபோலப் பகல் இருபுறமும் சமமாகக் குறைந்து சமமாக வளர்வதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்வைத்ததும் அஸ்தமனம் ஐந்தே முக்காலிலிருந்து ஒரே நாளில் நாலே முக்காலுக்கு வந்துவிடும். பூமியின் சுற்றுப்பாதை முழுவட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், சூரியன் உச்சியில் நிற்கும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.44, பிப்ரவரி நடுவில் 12.14. இந்த நகர்வால் லண்டனில் மிக முந்திய அஸ்தமனம் டிசம்பர் 12 வாக்கில் 3.51க்கே வந்துவிடுகிறது, மிகப் பிந்திய உதயமோ ஆண்டுக் கடைசியில் 8.06க்கு. ஆண்டின் மிகக் குறுகிய நாள் வருவதற்கு முன்பே மாலைகள் நீளத் தொடங்கிவிடுகின்றன, காலைகள் மட்டும் ஜனவரி வரை இருண்டிருக்கின்றன. ஆகவே நவம்பரிலும் டிசம்பரிலும் நடையை முன்னே இழுக்க வேண்டும். ஜனவரியில் கூடும் வெளிச்சம் பெரும்பாலும் மாலையில்தான் சேருவதால் பின்னே தள்ளலாம். ஜனவரி 15க்குள் அஸ்தமனம் 4.19 ஆகியிருக்கும், ஹேசல் மரங்களில் மஞ்சள் பூந்தொங்கல்கள் இறங்கத் தொடங்கியிருக்கும். அதே ஃபார்திங் டவுன்ஸ் நடையை 12.30க்குத் தொடங்கலாம். பிப்ரவரி நடுவில், தேவாலய முற்றங்களில் ஸ்நோடிராப் பூத்திருக்கும் வாரங்களில், அஸ்தமனம் 5.13. அப்போது 12 மணிக்கே தொடங்கினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும்; 12 கிலோமீட்டர் பாதையும், அவசரமில்லாத ஒரு தேவாலயமும் அதில் அடங்கும்.